மரத்தூளில் சமைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர் கையால் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டவர்களும், கடல் கடந்து வாழும் சொந்தங்களும் இதைப் பார்ப்பீர்கள் என்பதால் தங்கையாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிஜி நாட்டில், நவுவா ஆற்றங்கரையில் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல், சில பசுக்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, அக்கம்பக்கத்தில் பிஜியன் என்று மூன்றிலும் அக்கா சிரிப்பார், மூன்றிலும் சண்டை போடுவார். வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். தூசியில் அத்தானின் நெஞ்சு கெட்டதும், பிள்ளைகளோடு நவுவாவுக்கே திரும்பினார்கள்.

குத்தகைப் பத்திரம் இல்லாத நிலத்தில் தகர வீடு. பத்திரம் இல்லாததால் மின்சாரமும் இல்லை. அக்கா மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி, பஸ் ஸ்டாண்டில் கூடையோடு நின்று விற்றார். கடையும் இல்லை, லைசென்சும் இல்லை. குடும்பமே அந்தக் கூடையை நம்பித்தான் இருந்தது.

ராணுவத்தின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு வந்தபோது மண்ணெண்ணெய் கிடைக்காமல் போயிற்று. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. ஸ்டவ் அணைந்தால் அத்தானுக்கு மருந்தும் இல்லை என்ற நிலை. பக்கத்து வீட்டு மெரே என்ற பிஜியப் பெண்தான் வழி சொன்னார். அவர் கணவர் வேலை செய்த மர மில்லின் பின்னால் மரத்தூள் மலையாகக் குவிந்திருந்தது. பிஸ்கட் தகர டப்பாவின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கிப் பாட்டிலை உருவிவிட்டால் அடுப்பு தயார். கீழே தீ வைத்தால் வெகுநேரம் நின்று எரியும். அக்கா ரொட்டி சுட்டார், மெரே மரவள்ளிக்கிழங்கு அவித்தார். ரொட்டி வாங்க வந்தவர்கள் அடுப்பையும் கேட்டார்கள். இருவரும் அதையும் செய்து விற்றார்கள்.

ஒரு நாள் காலை அடுப்புத் தகரங்களைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். நானும் கூட இருந்தேன். சிப்பாய்கள் மறித்தார்கள். ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்தி, "இதுக்குள்ள என்ன?" என்றான். மெரே முன்னால் போனார். "நீ இரு, நான் சொல்றேன்" என்று அக்கா அவரைத் தடுத்தார்.

"அடுப்பு. நம்பலைன்னா பத்த வெச்சுக் காட்டறேன்" என்று பிஜியனில் சொன்னார்.

"காட்டு."

அக்கா அங்கேயே குந்தித் தீ வைத்தார். முதலில் புகை வந்ததும் சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். பிறகு தீ சீராக எழுந்தது. அந்தப் பையன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். பிறகு மெல்லிய குரலில், "எங்க அம்மாவுக்கு ஒண்ணு கிடைக்குமா? எங்க கிராமத்துக்கும் மண்ணெண்ணெய் வரல" என்றான்.

அக்கா ஒரு தகரத்தை எடுத்துக் கொடுத்தார். "மழைல நனைய விடாதேன்னு சொல்லு."

பாலம் தாண்டியதும் அவர் வண்டியை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வழி நெடுக நான்தான் வண்டியைத் தள்ளினேன்.

அதன் பிறகு நாட்டை விட்டு நாங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். நான் சிட்னிக்கு, தம்பி கனடாவுக்கு. நாடி நகர விமான நிலையத்தில், "நீயும் வாக்கா" என்று அழுதேன். "இந்த நெஞ்சோட உங்க அத்தானை எந்த தேசம் சேத்துக்கும்? போய்ட்டு வா" என்றார். அத்தான் காலமான பிறகும், அடுத்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகும் அவர் கிளம்பவில்லை.

வெகு காலம் கழித்து நிலத்துக்குப் பத்திரம் கிடைத்து, கரண்டும் வந்தது. அன்று அக்கா போன் செய்தார். ஏதோ ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. "கேக்குதா? ஃபிரிட்ஜ்! நாளைலேருந்து ஐஸும் விக்கப்போறேன்" என்றார். ஐஸும் நன்றாகவே விற்றது.

கடைசியில் மூச்சு முட்டியது. அத்தனை வருஷப் புகையும் நெஞ்சில் இருக்கிறது என்றார் டாக்டர். மகள் மடியில் அக்கா அமைதியாக அடங்கினார்.

வெள்ளம் சூழ்ந்த வழியில் மயானம் வரை அவரைத் தோளில் சுமந்த மெரேயின் பிள்ளைகளுக்கும், வீடு தேடி வந்து கவனித்த நர்சுக்கும், பஜனை பாடியவர்களுக்கும், விமானம் கிடைக்காமல் தொலைவிலிருந்தே அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை அழைத்து, அதற்குப் புரிகிற பாஷையில் இதைச் சொல்லுங்கள். எந்த பாஷையில் சொன்னாலும் அது அக்கா பேசிய பாஷைதான்.