வளைவுக் கடையில் இருந்த போன்

ஹேக்கர்களிடமிருந்து கணினியைக் காப்பது எப்படி என்று எங்கள் பக்கம் எங்கே வகுப்பு நடந்தாலும் இப்போது என்னைத்தான் பேசக் கூப்பிடுகிறார்கள். நானும் வெட்கமில்லாமல் போய்ப் பேசிவிட்டு, போர்த்திய சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகிறேன்.

ஜவ்வாது மலையில் ஒரு ஊரில், சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் மையம் நடத்துகிறேன். வீடு ஒடுகத்தூரில். தினமும் பைக்கில் ஏறி இறங்குவேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் பெரிய மேதாவி. பென் டிரைவோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். ஆன்டிவைரஸை நாள் தவறாமல் புதுப்பிப்பேன். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த பாஸ்வேர்டை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

ஓடிபிதான் தொல்லை. மையத்துக்குக் கேபிள் வழியாக இன்டர்நெட் வந்துவிட்டது. செல்போனுக்கு மட்டும் டவர் கிடைக்காது. மேலே ரோட்டு வளைவில் இருக்கும் டீக்கடையில்தான் கிடைக்கும். அதனால் மையத்தின் போனை அந்தக் கடைக்கார அக்காவிடமே கொடுத்து வைத்திருந்தேன். அரசு இணையதளத்துக்குள் நான் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்தப் போனில் ஆறு எண்கள் வரும். அக்கா வெளியே வந்து நின்று கத்திச் சொல்வார். பாதிச் சரிவில் யாராவது அதை வாங்கி எனக்குக் கத்துவார்கள். புளி மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வரை எல்லோருக்கும் எங்கள் ஓடிபி தெரியும். 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்' என்று குறுஞ்செய்தியின் கடைசியில் இருக்கும். ஒருநாள் அக்கா அதையும் சேர்த்தே கத்தினார். மலையே சிரித்தது, நானும்தான்.

அக்காவின் மகள் அந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஆசை. மலைவாழ் மக்களுக்கான இடம் கிடைக்க, கவுன்சிலிங் நாளில் சாதிச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் அனுப்பினேன்.

"இன்னா தம்பி, பொண்ணு பேப்பர் வந்துச்சா?" என்று தினமும் கேட்பார்.

"ஆபீஸ்ல பாத்துக்கினு இருக்காங்கக்கா. வந்துடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் சொந்த போனுக்கு ஒரு செய்தி வந்தது. மையத்தின் ஐடி இன்றோடு முடக்கப்படும், உடனே உறுதிசெய்யவும் என்றது. கீழே ஒரு லிங்க். தொட்டால் அரசு இணையதளத்தின் அதே நிறம், அதே முத்திரை. ஐடி, பாஸ்வேர்டு, மையத்தின் போன் எண், மூன்றையும் கேட்டது. இடது கையாலேயே அடித்துக் கொடுத்தேன். பக்கம் அப்படியே நின்றுவிட்டது. மனதுக்குள் சுருக்கென்றது. பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். எனக்கெல்லாம் அப்படி நடக்குமா என்ற திமிர், மாற்றவில்லை.

மறுநாள் பிரிண்டருக்கு இங்க் வாங்கிக்கொண்டு மத்தியானம்தான் மலையேறினேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆபீஸ்லேர்ந்தே போன் பண்ணாங்க தம்பி. நம்பர் வரும், சொல்லுங்க, உங்க ஊர் பேப்பருங்க எல்லாம் இன்னிக்கே முடிஞ்சிடும்னாங்க. ரெண்டு வாட்டி சொன்னேன், தப்பு வரக்கூடாதுன்னு."

பைக்கை அங்கேயே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி மையத்துக்கு ஓடினேன்.

மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத யார் யாரோ, தாங்கள் மலைவாழ் மக்கள் என்று என் ஐடியிலிருந்து விண்ணப்பித்திருந்தார்கள். போலி ஆவணங்கள் வேறு. இரண்டே நாளில் ஆபீஸில் கண்டுபிடித்து ஐடியை முடக்கினார்கள். எங்கள் மையத்திலிருந்து போன அத்தனை விண்ணப்பங்களும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டன, அக்கா மகளுடையதும். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம், நீ மலைக்காரிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிந்து என்ன பயன்?

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நம்பரைச் சொன்னது யார் என்றார். "நான்தாங்க சொன்னேன்" என்று அக்கா முன்னால் வந்து நின்றார். ஒளிக்க அவருக்கு எதுவும் இல்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"பாஸ்வேர்டு எப்படிப் போச்சு?"

"ஹேக் பண்ணிட்டாங்க சார்."

அருமையான வார்த்தை அது. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். ஐடி போனால் பிழைப்பு போச்சு. 'போனை வைத்திருந்தவரின் அறியாமையால் நேர்ந்தது' என்று வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதினேன். கீழே அக்கா கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று காட்டியதும் நான்தான். மற்ற ஏற்பாடுகளெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று அதிகாரி என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் ஐடி திரும்பக் கிடைத்தது.

கவுன்சிலிங் நாள்வரை சான்றிதழ் வரவில்லை. அம்மாவும் மகளும் வெறுங்கையோடு போய், எவ்வளவோ கெஞ்சிவிட்டுத் திரும்பினார்கள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய இடம் போய்விட்டது. அவள் இப்போது அடிவாரத்தில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள்.

எல்லாம் முடிந்த பிறகு சான்றிதழ் வந்தது. பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, வளைவுக்குக் கொண்டுபோனேன். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மகள் பெயரைத் தடவிப் பார்த்தார்.

"என்னாலதான் தம்பி உங்களுக்கு இவ்ளோ கஷ்டம். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. கடையில் வேறு யாரும் இல்லை.

"பரவாயில்லக்கா" என்றேன். "இனிமேலாவது ஜாக்கிரதையா இருங்க."