இரண்டாவது குளியலறை ஹீட்டர்

போன வாரம் பிளம்பர் மணி என் குளியலறை ஹீட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, உள்ளேயிருந்து ஒரு முறம் அளவுக்கு வெள்ளைக் கட்டிகள் கொட்டின. எங்கள் தாம்பரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய் கொப்பளித்தாலே கரிக்கும்.

"உள்ள முழுக்க உப்பு புடிச்சிகினு கீதுக்கா. அந்த பாத்ரூம்ல கீறதும் இதே கதிதான். ரெண்டையும் மாத்திடு" என்றார் மணி.

என்னுடையதை மாற்றுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றது தம்பியுடைய குளியலறை. அவன் மனைவி இறந்த பிறகு இந்த வீட்டில் நானும் அவனும்தான். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று சொல்லி நாவலூரில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் போனான். மூன்று வருடம் ஆகிறது. அவனுடைய துண்டு இன்னும் அங்கே கம்பியில் கிடக்கிறது. ஒரு ஹீட்டருக்கு இவ்வளவு யோசனையா என்று நீங்கள் சிரிக்கலாம். இந்த வயதில் எதைச் செய்யவும் அலுப்பாக இருக்கிறது, முடிவெடுக்க அதைவிட அலுப்பு.

அந்தக் கட்டிகளிலிருந்து ஈரச் சுண்ணாம்பும் செம்பும் கலந்த ஒரு வாசனை வந்தது. எங்கள் பழைய பாய்லரின் வாசனை. இதே மனையில் அப்போது ஓட்டு வீடு. பின்பக்கம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்பு பாய்லர் நிற்கும். நடுக்குழாயில் கொட்டாங்கச்சியும் கரியும் எரியும். மேலே புனலில் தண்ணீர் ஊற்றி, கீழே குழாயைத் திறந்து வெந்நீர் பிடிக்க வேண்டும். குளிக்கும் வரிசையை மின்சார ரயில்தான் முடிவு செய்தது. முதல் வண்டிக்குப் போகிற அப்பா, அடுத்து நான், பிறகு கல்லூரிக்குப் போகிற தம்பி. அம்மா எல்லோரும் கிளம்பிய பிறகு.

ஒரே ஒரு சட்டம் உண்டு. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "ஊத்திட்டேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் கேட்டால் அடுத்த ஆள் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கலாம், அரை மணியில் தண்ணீர் காய்ந்திருக்கும். யாரும் போய் எட்டிப் பார்த்ததில்லை.

எனக்கு பாரிமுனையில் தட்டச்சு வேலை கிடைத்த முதல் மாதம். நான் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அந்த அலுவலகமே ஸ்தம்பித்துவிடும் என்று நினைப்பு. நான் அடித்த கடிதங்களைப் பாதிப் பேர் பிரித்தே பார்த்ததில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு குடம் தூக்கி ஊற்றப் பொறுமையில்லை. ஊற்றாமலே "ஊத்திட்டேன்" என்று கத்திவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

தம்பி என் குரலை நம்பிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். வெறும் பாய்லர் காய்ந்து, அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்த இணைப்பு விட்டுப்போய்விட்டது. பட்டறையிலிருந்து திரும்பி வரப் பத்து நாள். மார்கழி வேறு. தாம்பரத்தில் என்ன பெரிய குளிர் என்று கேட்காதீர்கள், எங்களுக்கு அதுவே போதும்.

சாயங்காலம் அப்பா கேட்டபோது நான் கைகால் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன். "நான்தாம்ப்பா பாக்காம விட்டுட்டேன்" என்று தம்பி சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டான். பிறகு என்னிடம் தனியாக, "ஊத்தலைன்னு சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேன்லக்கா" என்றான். அவ்வளவுதான் கேட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான் இருக்கிறது.

வீட்டை இடித்துக் கட்டியபோது ஆளுக்கொரு குளியலறை, ஆளுக்கொரு ஹீட்டர். பாய்லரை மார்க்கெட்டில் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு குக்கர் வாங்கினோம். சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். யாரும் யாருக்காகவும் ஊற்ற வேண்டியதில்லை. அப்போது அது பெரிய விடுதலையாகத்தான் தெரிந்தது.

மணியை நிற்கச் சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டையும் மாத்திடுக்கா. பொங்கலுக்கு வந்துடுவேன்."

"போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்ன."

"இந்த வாட்டி நிச்சயம்க்கா. வர்ற வழியில மேடவாக்கம் டிராஃபிக்தான் பேஜாரா இருக்கு, அதான்."

அவசர அவசரமாகச் சொன்னான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டே கத்திய என் குரல்தான் அது. அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அவனுக்கும் முட்டி வலி, அங்கே பேரன், அவனைச் சுற்றி ஒரு வீடு. வரலைக்கா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணு போதும், மணி" என்றேன்.

தம்பியின் ஹீட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். சுவரில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன, இன்னும் அடைக்கவில்லை. துண்டைத் துவைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "ரெண்டும் மாட்டியாச்சாக்கா?"

"மாட்டியாச்சுடா" என்றேன்.

ஊற்றாமலே இன்னொரு முறை சொல்லிவிட்டேன். இந்த முறை பாய்லர் காயாது. அடுத்துக் குளிக்க அங்கே யாரும் இல்லை.