செங்கமலத்தின் பெயருக்கு எதிரே நான் எழுதியது

1. கைமாற்றுப் பிள்ளைகள்

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஐயா வியாழக்கிழமை வருகிறார் என்ற செய்தி எனக்குச் செவ்வாய்க்கிழமை மாலைதான் கிடைத்தது. அரியலூர் ஸ்டேஷனில் அவருக்கு வண்டி பேசிவைத்தவர் யாரிடமோ சொல்லி, அது உடையார்பாளையம் வந்து, பள்ளிக்கூட மேனேஜர் வீட்டு ஆள் மூலம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மார்கழி மாதம், கடலை பிடுங்கும் நேரம். என் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பதினேழு பேர்.

எங்களுடையது எய்டட் எலிமெண்டரி ஸ்கூல், தனியார் நடத்துவது, சர்க்கார் கிராண்ட் கொடுக்கும். ஒரே வாத்தியார், அது நான். எட்டாம் வகுப்பு தேறி, டிரெயினிங் முடித்து வந்தவன். பிள்ளைகளிடம் பேசுவேன், பெரியவர்கள் எதிரே நின்றால் எனக்குப் பேச்சு வராது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டிரெயினிங் ஸ்கூலிலிருந்து கேட்டதால் எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தின் மேனேஜர் ஊரில் பெரிய நிலக்காரர். அன்று மாலையே கூப்பிட்டு அனுப்பினார்.

"எத்தன தல இருக்குது சார்?"

"பதினேழுங்க."

"நம்ம கொல்லையில கடல ஆயற புள்ளைங்கள அன்னிக்கு ஒரு நாள் வெரட்டி விடறேன். அப்பறமும் கொறையுமா?"

"நாலு கொறையும்ங்க."

"சவரிமுத்து சாருகிட்ட கைமாத்து வாங்கிக்குங்க. போன வருசம் அவரு நம்மகிட்ட வாங்கலியா?"

சவரிமுத்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார். இன்ஸ்பெக்ஷன் நாளில் ஒருவருக்கொருவர் பிள்ளைகளைக் கொடுத்து வாங்குவது அந்தப் பக்கத்தில் வழக்கமாக இருந்தது. வந்த பிள்ளைகள் இல்லாத பிள்ளைகளின் பெயருக்கு எழுந்து நிற்பார்கள். தலை குறைந்தால் சர்க்கார் கொடுத்த ரெகக்னிஷன் போய்விடும், பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த நான்கு பெயர்களில் மூன்று, கல் உடைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள். நான்காவது செங்கமலம். ரிஜிஸ்டரில் பதினான்காம் எண், இரண்டாம் வகுப்பு. ஐப்பசியில் ஐந்து நாள் காய்ச்சலில் அவள் இறந்துவிட்டாள்.

அப்போதே பெயரை அடித்துவிடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் சார். ரெண்டு மாசம் பேரு இருந்தா அது என்ன கோவிச்சுக்கவா போகுது?" என்றார். ஆஜர் எடுக்கும்போது பதிமூன்றிலிருந்து பதினைந்துக்குத் தாவிவிடுவேன். பிள்ளைகள் போன பிறகு பதினான்குக்கு நேரே ஆஜர் போடுவேன். நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று இடையிடையே சில நாள் ஆப்சென்ட் போடுவேன்.

2. அப்பா பெயர்

வியாழக்கிழமை காலையில் சவரிமுத்து நான்கு பிள்ளைகளை முந்திரிக் காட்டு வழியாக நடத்திக் கூட்டி வந்தார்.

"எண்ணி வாங்கிக்குங்க சார். சாயங்காலம் எண்ணித் திருப்பிக் குடுக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் அதுங்க ஆத்தா எங்கிட்டதான் சண்டைக்கு வருவா."

செங்கமலத்தின் உயரத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார். பெயர் அடைக்கலமேரி. அவள் கழுத்திலிருந்த சிலுவைக் கயிற்றை அவரே கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒம் பேரு என்ன?" என்று கேட்டார். "செங்கமலம்" என்றாள். "கெட்டிக்காரி" என்றார்.

எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்திருந்தது. பள்ளிக்கூட வாசலைக் கூட்டிச் சாணி தெளிக்க மேனேஜர் வீட்டிலிருந்து ஒரு ஆளை அனுப்பியிருந்தார்கள். அது அஞ்சலை, செங்கமலத்தின் தாய். அவர்கள் வயலில் கூலி வேலை செய்கிறவள். வேலை முடிந்தும் அவள் போகவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்க்க நான்கைந்து பேரோடு குட்டைச் சுவருக்கு வெளியே நின்றாள். அவளை நான் பார்த்தபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

பெயர்களை அவரே கூப்பிட்டார். பதிமூன்று பெயர் முடிந்தது.

"செங்கமலம்."

"உள்ளேன் ஐயா."

நான் சுவர்ப்பக்கம் பார்க்கவில்லை. அடுத்த பெயருக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அப்பா பேர் என்னம்மா?"

பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தோமே தவிர, அப்பா பெயர் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. அடைக்கலமேரி என்னைப் பார்த்தாள்.

"அப்பா பேர் தெரியாமலா ரெண்டாம் கிளாஸ் படிக்கிறே?"

"எம் மவதாங்க ஐயா." சுவருக்கு வெளியேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "புது ஆளப் பாத்தா வாயே தொறக்காது. அப்பன் பேரு மாரிமுத்துங்க."

இன்ஸ்பெக்டர் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் புரட்டினார். மாரிமுத்து என்று இருந்தது. "சரி, உட்காரு" என்றார். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஐயா சொல்றாருல்ல, ஒக்காரு கண்ணு" என்றாள் அஞ்சலை.

இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்தது. அட்டெண்டன்ஸ் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அஞ்சலை தோரணத்து மாவிலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"அந்தப் புள்ள பேரு என்னங்க?"

"அடைக்கலமேரி."

"பயந்து போச்சு, பாவம். சாப்புட்டுச்சா?"

"பொரி கடலை குடுத்தாங்க."

கொஞ்ச நேரம் கூட்டினாள். பிறகு விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"ஏங்க ஐயா, எம் மவ உசுரோட இருந்தப்ப ரெண்டு நாளு வல்லைன்னா வூட்டு வாசல்ல வந்து நிப்பீங்க. செத்தப்பறம் தெனமும் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க."

நான் குனிந்து கீழே கிடந்த ஒரு மாவிலையைப் பொறுக்கினேன்.

"பள்ளிக்கூடத்த எடுத்துடுவாங்கன்னு பேசிக்கிட்டாங்க. எனக்குச் சின்னது ஒண்ணு இருக்குது. நாளைக்கு அதுக்கு வேணும்னுதான் சொன்னேன். ஆனா இன்னொரு புள்ளய அந்தப் பேர்ல நிக்க வக்காதீங்க. செத்துச்சுன்னு எழுதிடுங்க. மாசத்தையும் எழுதுங்க. சாவு எழுதற முன்சீப்பு அவரு நோட்டுல மாரிமுத்து மவன்னு மட்டுந்தான் எழுதுனாரு, பேரு கேக்கல. பேரு எழுதியிருக்கறது ஒங்க நோட்டுல மட்டுந்தான்."

"எழுதிடறேன்" என்றேன்.

3. நீங்கிய காரணம்

அட்மிஷன் ரிஜிஸ்டரில் கடைசி இரண்டு கட்டங்கள், நீங்கிய தேதி, நீங்கிய காரணம். மறுநாள் சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மேனேஜரிடம் போனேன்.

"என்ன சார், வெளையாடுறீங்களா? நேத்து இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடி நின்ன புள்ள ஐப்பசியிலயே செத்துச்சுன்னு எழுதுவீங்களா? அவரு கையெழுத்து வேற இருக்குது. ஒங்க சர்ட்டிபிகேட்டு போயிடும். பள்ளிக்கூடமும் போயிடும். அவ சொன்ன பொய்யும் வெளியில வரும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தைப் பொங்கலுக்குப் பிறகு வரப்போகும் ஒரு தேதியைப் போட்டு, காரணத்தில் ‘குடும்பம் வேறு ஊர் சென்றது’ என்று எழுதினேன்.

அந்த வாரமே அஞ்சலை வந்தாள். இடுப்பில் சின்னவள்.

"எழுதிட்டீங்களா ஐயா?"

"எழுதிட்டேன்."

"எங்க, காட்டுங்க."

காட்டினேன். அவள் விரலை முந்தானையில் துடைத்துவிட்டுச் சிவப்பு எழுத்தின் மேல் வைத்தாள். வைத்து, கடைசி எழுத்து வரை மெதுவாக நகர்த்தினாள்.

"செத்துச்சுன்னு எழுத இவ்வளவு எழுத்தா?"

"மாசமும் சேத்து எழுதியிருக்கேன்" என்றேன்.

அவள் சின்னவளின் கையைப் பிடித்து அந்த இடத்தைத் தொட வைத்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

பள்ளிக்கூடம் எதற்கு என்று டிரெயினிங்கில் ஒரு கேள்வி வரும். அறிவும் ஒழுக்கமும் வளர்வதற்கு என்று எழுதினால் மார்க் கிடைக்கும். நானும் எழுதினேன். வேலைக்கு வந்த பிறகு ஆளுக்கு ஒரு பதில் கேட்டேன். டிபார்ட்மெண்டுக்குத் தலைக்கணக்கு. மேனேஜருக்குக் கிராண்டும் ஊரில் மரியாதையும். சேர்க்கைக்கு வீடு வீடாகப் போனபோது, கையெழுத்துப் போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் வேலைக்குப் போய் வருகிற வரையில் கிணற்றில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று ஒருவர் சொன்னார். எதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அஞ்சலைக்குப் பள்ளிக்கூடம் தன் பிள்ளை இருந்தாள், பிறகு இல்லை என்று ஒரு இடத்தில் எழுதிவைப்பதற்கு. அந்த ஒன்றைத்தான் என்னிடம் கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் நான் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. தெரியாது என்பதால்தான் எழுதினேன், அவளிடம் காட்டவும் செய்தேன். படிக்காதவர்களை யார் யாரோ ஏமாற்றுவார்கள் என்று நாம் வகுப்பில் சொல்கிறோம். அந்தப் பட்டியலில் வாத்தியாரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை இறந்துபோனால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் ஆஜர் போட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு உண்மையை எழுத ரிஜிஸ்டரில் இடம் இருக்காது. வேலை போய்விடும் என்று பயமாக இருக்கும். எனக்கு வேலை போகவில்லை.

சின்னவள் பெயர் தனம். ஐந்து வயதில் அஞ்சலையே கூட்டி வந்து சேர்த்தாள். இப்போது மூன்றாம் வகுப்பு. அச்செழுத்து எதைக் கொடுத்தாலும் படிக்கிறாள். போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரின் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுலதான் எங்க அக்கா பேரு இருக்குதுன்னு அம்மா சொல்லுச்சு சார். பாக்கட்டா?" என்று கேட்டாள்.

"கையெழுத்துப் படிக்க இன்னும் ஒனக்கு வரலையே" என்றேன்.

"அப்ப அதச் சொல்லிக் குடுங்க சார்" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள்.