ஜிங் போயுவானின் மதியத் தூக்கம்

சீனாவின் ஹாங்சோ நகரில் எங்கள் தரவுத்தளப் பிரிவின் மேனேஜர் ஜிங் போயுவானைப் போல ஒரு மண்டைக்கனக்காரனை நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் விவரங்கள் மூன்று ஊர்க் கணினிகளில் பிரிந்து கிடந்தன. டிஸ்க்கில் எழுதும்போதே தானாகப் பூட்டிக்கொள்ளும், கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தவர் கேட்டால் தானாகத் திறந்து காட்டும் மறையாக்கத்தை அவன்தான் போட்டான். "டிஸ்க்கை எவன் திருடினாலும் குப்பைதான் கிடைக்கும். உங்களை மாதிரி மரமண்டைங்களுக்கு இது எங்க புரியப்போகுது?" என்பான் எங்களிடம்.

மதியம் நூடுல்ஸ் தின்றதும் அங்கே வழக்கப்படி எல்லோரும் அலுவலகத்திலேயே மடக்குக் கட்டிலை விரித்துத் தூங்குவோம். அவன் கண்ணைத் துணியால் மூடிக் குறட்டை விடுவான். அவன் கணினித் திரை திறந்தபடி கிடக்கும். ஒருநாள் தணிக்கைக்கு வந்த சியூ லான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரிக் கட்டளை தட்டினாள். பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி எல்லாம் அப்படியே வந்து கொட்டின. அவனை உலுக்கி எழுப்பினாள்.

"டிஸ்க்குல எல்லாம் பூட்டித்தாம்மா இருக்கு!" என்று கத்தினான்.

"டிஸ்க்கை எவன் கழட்டப் போறான் மேனேஜர்? நீங்கதான் வாசலைத் திறந்துபோட்டுட்டுப் படுத்திருக்கீங்களே!"

மறுநாளே உத்தரவு போட்டான்: தூக்க நேரத்தில் அவன் மேசைப் பக்கம் யாரும் வரக்கூடாது. அன்றும் குறட்டை விட்டான். திரை திறந்தேதான் கிடந்தது.