பாகூர் வயலில் மின்னிய கருமண்

காலை 7.10. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி ஏறினேன். கிருமாம்பாக்கத்துக்கு இருபது ரூபாய். ஆவணிக் கடைசி, மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு ஏமாற்றும் வானம். நிலவியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எவர் வீட்டில் கல் பளபளத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தங்கம் என்று சொல்லும் பாக்கியம் இதுவரை ஒருமுறைகூட வாய்த்ததில்லை.

8 மணி. நிறுத்தத்தில் சேகர் பைக்கோடு நின்றிருந்தார். பாகூர்ப் பக்கம் இரண்டு காணியில் நெல் வைக்கிறவர். பழைய போர்க் கிணற்றில் உப்பு ஏறிவிட்டதால், மூன்று மாதம் முன்பு 320 அடிக்குப் புதிதாகப் போட்டிருக்கிறார். அடியிலிருந்து கருமண் வந்திருக்கிறது. அதில் மஞ்சளாக ஏதோ மின்னியிருக்கிறது.

"இன்னா சார், தங்கம்தானே?" என்றார் வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"பார்த்துட்டுச் சொல்றேன்பா."

8.40. அவர் வீட்டில், அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். காப்பிக் கோப்பையின் சொரசொரப்பான அடியில், அதிலிருந்த மஞ்சள் கல் ஒன்றைத் தேய்த்தேன். தங்கமென்றால் மஞ்சள் கோடு விழும். விழுந்தது கறுப்பு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். சேகரின் முகம் தொங்கிப்போனது. எனக்கோ ஆறுதல் சொல்ல வராது, பாடம்தான் நடத்த வரும்.

"கோலார்ல ஆதி காலத்துல நிலத்துண்டுங்க மோதிக்கிச்சு. அந்த நெருக்கத்துல ஆழத்துச் சுடுதண்ணி விரிசல் வழியா ஏறி, பாறையில தங்கத்த விட்டுட்டுப் போச்சு. இங்க கதையே வேற. நம்ம நிலம் அண்டார்டிகாவ விட்டுப் பிரிஞ்சுச்சு. விளிம்பு இறங்கிச்சு, கடல் வந்துச்சு. அப்புறம் காடு புதைஞ்சு பழுப்பு நிலக்கரி ஆச்சு. அதுல உண்டானதுதான் இந்த மினுக்கல்."

"மோதினா தங்கம்னா எங்க வூட்டுல குவிஞ்சிருக்கணுமே சார். நானும் எங்க அண்ணனும் இன்னும் மோதிக்கினுதான இருக்கோம்" என்று சிரித்தார். முடிச்சை மறுபடி டின்னுக்குள்ளேயே வைத்தார்.

9.30. சேகர் மோட்டார் போடப் போனதும், அவர் மனைவி தனம் என்னை நாற்றங்காலுக்கு அழைத்துப்போனார். இருபது நாள் நாற்று, துருப்பிடித்த நிறத்தில் சுருண்டு கிடந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து பையிலிருந்த நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது.

"போர்லேர்ந்து வந்த கருமண்ணுல இருக்கற கந்தகம் காத்துபட்டா அமிலமாயிடும்மா. யாரு இத இங்க போட்டது?"

"நான்தான் சார். மக்குன எருவாட்டம் இருந்துச்சே, வீணாப் போவுதேன்னு கூடை கூடையா கொட்டினேன். வூட்டுல இருந்த வெதநெல்லு மொத்தமும் இதான். அவருகிட்ட சொல்லிடாதீங்க சார்."

11 மணி. மறுபடி கிருமாம்பாக்கம் நிறுத்தம்.

"நாத்து ஏன் சார் போச்சு?" என்று சேகர் கேட்டார்.

"மண்ணு புளிச்சுடுச்சு. வேற இடத்துல விதை விடுங்க."

"எப்டி புளிச்சுது?"

"நிலம் பிரிஞ்சப்ப ஆன கோளாறுப்பா. யார் மேலயும் தப்பில்ல."

சேகர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூரிலிருந்து வரும் வண்டி தெரிந்தது.

"அவ கொட்டறப்போ நான் பாத்துக்கினுதான் சார் இருந்தேன். எனக்கும் நல்ல எருவாட்டம்தான் தெரிஞ்சுது. ஒரு வாரமா அவ சரியா சோறு துன்றதில்ல" என்றார். "யார் மேலயும் தப்பில்லன்னீங்களே, அத்த அவகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. யார் போட்டது என்றுதான் கேட்டிருந்தேன்.