மூச்சிழுத்தால் வலிக்கும் தோள்

மீன் பதன ஆலையின் பணியேட்டில், ‘மண மதிப்பீட்டாளர், நிலை இரண்டு’ என்ற பதவிக்கு எழுதி வைத்திருக்கும் தகுதிகள் இவை: எவ்வகை வாடைக்கும் முகம் சுளிக்காதவர், உறுதியான வயிறு உடையவர், விருப்பு வெறுப்பின்றி நுகர்பவர், தன் உடல்நிலை தன் தீர்ப்பில் கலக்க இடம் தராதவர்.

அந்தப் பதவியில் ஒன்பது வருடமாக இருக்கும் பெண், பக்கத்து வீட்டில் முட்டை உடைத்தால் தன் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறவள். பேருந்தில் முன் இருக்கைக்காரர் தலையைச் சொறிந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவாள். மீனைத் தின்றதே இல்லை. தின்றவர்கள் கொட்டாவி விட்டால் திரும்பிக்கொள்வாள். உறுதியான வயிறு என்று பணியேடு சொல்லும் உறுப்பு, ஈரத் துண்டின் வாடைக்கே எம்பிக் குதிக்கும் தவளை.

வேலை கிடைத்ததும் அந்தத் தவளையால்தான். நேர்முகத் தேர்வில் மூன்று மீனை வரிசையாக வைத்திருந்தார்கள். வந்திருந்த பதினொரு பேரும் பணிவாகக் குனிந்து முகர்ந்து, “நல்லா இருக்குங்க” என்றார்கள். பன்னிரண்டாவதாக வந்த இவள் இரண்டாவது மீனுக்கு மேல் குனிந்தாள். மேலாளரின் செருப்பில் வாந்தி எடுத்தாள். அந்த மீன் கெட்டது என்று ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. மேலாளர் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அவளை வேலையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆலையில் அவளுக்கு மூக்கி என்று பெயர்.

வேலை இதுதான். வலப்பக்கம் தள்ளுவண்டியில் ஐஸ் நிறைந்த தட்டுகள் வரும். ஒன்றைத் தூக்கி மேசையில் வைக்க வேண்டும். ஒரு மீனின் செவுளைக் கட்டைவிரலால் நிமிர்த்தி, மூன்று விரல் தூரத்தில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய ஒரே இழுப்பு. பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். ஏழும் அதற்கு மேலும் பச்சைச் சீட்டு, கீழே போனால் சிவப்பு. பிறகு தட்டு இடப்பக்கத்து ஓடுபட்டையில் ஏறிப் போய்விடும். ஒரு நாளைக்கு முந்நூறு தட்டு. முந்நூறு முறை அருவருத்து, முந்நூறு முறை அதை நேர்மையாக எண்ணாக மாற்றிச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

தூக்குகிற எல்லோருக்கும் வலது தோளில் வலி உண்டு. அதற்குத் தட்டுத்தோள் என்று பெயர். ரப்பர் பூட்ஸைப் போல, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அதுவும் கிடைத்துவிடும். தட்டுத்தோளுக்கு வைத்தியர் தைலக்கா. பதினெட்டு வருடமாக வரிசையில் தட்டு அடுக்குகிறவள். மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு தைலப்புட்டி. அதன் நெடியில் ஈ கூட நேராகப் பறக்காது.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து மூக்கிக்கு நாள் தள்ளிப்போனது. சந்தோஷம் வருவதற்கு முன்பே மூக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே கத்தியாக இருந்ததை யாரோ சாணை பிடித்தாற்போல் ஆனது. புருஷன் லாரிப் பட்டறையில் வேலை செய்பவன். அவன் தெருமுனையில் திரும்பும்போதே கிரீஸ் வாடை வாசலுக்கு வந்து கதவைத் தட்டியது.

“குளிச்சிட்டுத்தாண்டி வந்தேன்!”

“குளிச்ச சோப்பும் நாறுது. நீங்க அந்த ரூம்ல படுங்க.”

“புள்ளை வேணும்னு ஆறு வருஷமா யாரு அழுதது? இப்ப அப்பனை நாடு கடத்துறே.”

“புள்ளை வேணும்னுதான் அழுதேன். சோப்பு வேணும்னா அழுதேன்?”

ஆலையில் அவளிடம் எட்டு வாங்கிக்கொண்டிருந்த மீன்கள் ஐந்துக்கு இறங்கின. சூப்பர்வைசர் சிவப்புச் சீட்டுகளை விசிறிபோல் விரித்துக்கொண்டு வந்தார். “என்ன மூக்கி, கடலே கெட்டுப்போச்சா?” அவர் காலையில் குடித்த டீ, அதற்குமுன் பிடித்த சிகரெட், இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருந்த சொத்தைப்பல், எல்லாம் முறைப்படி வரிசையாக வந்து தங்களை அறிமுகம் செய்துகொண்டன. பதில் சொல்ல வாயைத் திறந்தவள் வாளியைத் தேடி ஓடினாள். அப்படித்தான் விஷயம் ஆலைக்குத் தெரிந்தது.

ஆறாவது வாரம் அடிவயிறு இழுக்கத் தொடங்கியது. மாதவிலக்குக்கு முந்தின நாள் இழுக்குமே, அதைப் போல. வரும், கொஞ்சம் நிற்கும், போகும். வலி என்று சொன்னால் வலிக்கே வெட்கமாக இருக்கும், அவ்வளவு லேசு. ஆனால் ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் இதே இழுப்புதான் வந்து, இந்தத் தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. காலை நீட்டிப் படு என்றாள் ஒருத்தி, காலை மடக்கிப் படு என்றாள் இன்னொருத்தி. மாடிப்படி ஏறாதே, குனியாதே, தும்மாதே. புருஷனின் அக்கா ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஆம்பளைப் புள்ளைன்னா இழுக்கும்” என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு வாடை அடித்தது. கேட்டுக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொள்ள மூக்கி பழகிக்கொண்டாள்.

பிரசவ விடுதியில் இருந்த நர்ஸ் வேறு ரகம். குண்டூசிப் பெட்டியைத் திறந்து மூடுகிற வேகத்தில் பேசுவாள்.

“கர்ப்பப்பை பெரிசாகுதும்மா. தசையெல்லாம் இழுபடுது. லேசா வரும், விடும், படுத்தா குறையும். வாயு இருந்தாலும் இழுக்கும், ரெண்டு நாள் வெளிக்குப் போகலேன்னாலும் இழுக்கும். தண்ணி நிறையக் குடி. அதுக்கெல்லாம் பயப்படாதே.”

“அப்ப எதுக்குப் பயப்படணும்?”

நர்ஸ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “இதை எவளும் கேட்க மாட்டா. கேளு. வலி விட்டுவிட்டு வராம நின்னு ஏறிக்கிட்டே போனா வா. ஒரு பக்கமா மட்டும் பிடிச்சா வா. ரத்தம் பட்டா வா. சிவப்பா பழுப்பா, சொட்டா கோடான்னு நீ உக்காந்து பஞ்சாயத்து பண்ணாதே, வந்துடு. காய்ச்சல் வந்தா, ஒண்ணுக்குப் போனா எரிஞ்சா வா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்தா நிக்காம வா. அப்புறம் தோள் நுனியில வலிச்சா...”

“தோள்லயா?” மூக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிஸ்டர், எங்க ஆலையில தோள் வலிக்காதவர் வாட்ச்மேன் ஒருத்தர்தான்.”

“சிரிக்காதே. அது வேற வலி. அது எப்படி இருக்கும்னா...”

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அந்த நேரம் பார்த்துத் தன் கைப்பையைத் திறந்து அதற்குள்ளேயே வாந்தி எடுத்தாள். மூக்கி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். வாசல் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி உள்ளே போக அவளுக்குத் தெம்பில்லை, அருவருப்பும் விடவில்லை. ஸ்கேனுக்கு அடுத்த வாரம் தேதி போட்ட சீட்டை ஆயாதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

நர்ஸ் சொன்னதையெல்லாம் மூக்கி மனப்பாடம் செய்துகொண்டாள், ஒன்றைத் தவிர. தோள் வலி தட்டுத் தூக்காதவர்களுக்குச் சொன்னது என்று தானே முடிவு செய்து தள்ளிவிட்டாள்.

அதன்பின் மணிக்கொரு தடவை ஆலையின் பெண்கள் கழிப்பறைக்குப் போய் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அந்தக் கழிப்பறையைப் பற்றி நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. தாழ்ப்பாளில் மீன் செதில் ஒட்டியிருக்கும். சோப்புக் கட்டியில் நாலு பேர் தலைமுடி. தரை எப்போதும் ஈரம். எதன் ஈரம் என்று ஆராயாதவர்கள் பாக்கியசாலிகள். உலகத்தில் எந்த அறைக்குள் போகாமலிருக்க அவள் ஒன்பது வருடமாகக் காலையில் தண்ணீரே குடிக்காமல் வந்தாளோ, அதே அறைக்குள் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். சுத்தமாக இருக்கும். வெளியே வந்து மூச்சு விடுவாள். லேசான இழுப்பு வரும், போகும். நர்ஸ் சொன்னது சரிதான் என்று நாலைந்து நாளில் பயம்கூடப் பழகிவிட்டது.

ஏழாவது வாரத்து வியாழக்கிழமை காலை, தோள் வலித்தது.

“மறுபடி வந்துடுச்சா தட்டுத்தோள்? வா இப்படி.” தைலக்கா புட்டியைத் திறந்தாள். மூக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு வலது தோளைக் காட்டப் போனவள், நின்று, இடது தோளைக் காட்டினாள்.

“இதென்னடி, எல்லாருக்கும் ஒரு தோள்னா உனக்கு மட்டும் இன்னொரு தோளா?”

“எனக்கென்ன தெரியும்? இதுதான் வலிக்குது.”

தைலக்காவின் கட்டைவிரல் தட்டுத்தோளைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும். அமுக்கிய இடத்தில் மனிதர்கள் துள்ளுவார்கள். மூக்கி துள்ளவில்லை. “இங்கயா? இங்கயா? எங்கதாண்டி?” விரல் தோளெங்கும் அலைந்தும் வலியைத் தொட முடியவில்லை. தோளின் நுனியில், எலும்புக்கும் அந்தப்புறம் எங்கோ இருந்தது அது. நெடி மட்டும் மூக்கின் இரண்டு ஓட்டைகளிலும் ஆணி அடித்தது.

வேலைக்குத் திரும்பினாள். தட்டைத் தூக்கினாள், தோள் சும்மா இருந்தது. மேசையில் வைத்தாள், சும்மா இருந்தது. செவுளை நிமிர்த்திக் குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தாள். யாரோ தோள் நுனியில் ஊசியை இறக்கினார்கள்.

அடுத்த தட்டு. தூக்கும்போது இல்லை, முகரும்போது குத்தியது. அடுத்தது, அதற்கடுத்தது. பத்துத் தட்டு இப்படிப் போனது. வாழ்நாளெல்லாம் ஆதாரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிப் பழகிய பெண்ணுக்கு, அது தட்டால் வந்த தோள்வலி இல்லை என்று புரிந்தது. மூச்சுக்கும் தோளுக்கும் என்ன உறவு என்பதுதான் புரியவில்லை. அதைச் சொல்லவந்த நர்ஸைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்ததும் நினைவுக்கு வந்தது.

கழிப்பறைக்குப் போனாள். பழுப்பாக ஒரு கோடு. பைசா அகலம்கூட இல்லை. அடிவயிற்று இழுப்பும் இன்று நடுவில் இல்லை. வலப்பக்கம் ஒதுங்கி, போகாமல் நின்றிருந்தது.

சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் மணி பார்த்தார். “பதினொண்ணுக்கு கன்டெய்னர் கிளம்பணும். இன்னும் நாப்பது தட்டு. உன் மூக்கு இல்லாம ஒண்ணும் ஏத்த முடியாது. அரை மணி நேரம் பொறுத்துக்கோயேன்.”

“வலிக்குது சார்.”

“ஒரு வாரமா லேசா வலி, லேசா வலின்னு நீதானேம்மா சொல்லிட்டிருந்தே? அதே வலிதானே?”

சொத்தைப்பல் வாடையைவிட அந்தக் கேள்விதான் அவளுக்குக் குமட்டியது. ஏனென்றால் அதே கேள்வியை அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் காத்திருந்தது. எழுந்து ஓடினால்தான் அது போய்விடுமோ, அசையாமல் இருந்தால் தங்கிவிடுமோ?

“பத்து நிமிஷம் படுத்து எந்திரி. எனக்கு மூணு பிரசவம், மூணுலயும் வலிச்சுது. புலி மாதிரி இருக்கேன் பாரு,” என்றாள் தைலக்கா.

உடைமாற்றும் அறையில் வரிசையாகப் பூட்ஸ்கள் வாயைப் பிளந்து நின்றன. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு காலின் வரலாறு வீசியது. நடுவிலிருந்த பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். படுத்தால் குறையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குறையவில்லை. படுத்ததும் தோளில் வலி இரண்டு மடங்காக ஏறியது. கண் ஓரம் இருட்டியது. அப்போதுதான், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, அறையின் நாற்றம் அவளுக்குத் தெரியாமல் போனது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது.

கரு கர்ப்பப்பையில் இல்லை, வலப்பக்கக் குழாயில் தங்கியிருந்தது. குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலேறிக்கொண்டிருந்தது. அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள திரையைத் தொடும்போது, அந்தத் திரையின் நரம்பு தோளில் போய் முறையிடுமாம். அறுவை முடிந்தபின் நர்ஸ் வந்து, அன்று பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்துவைத்தாள். பிள்ளை தங்க வழியே இருந்ததில்லை, நீ படுத்திருந்தாலும் ஓடியிருந்தாலும் அது அப்படித்தான், என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் உன்னிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், என்றாள். மூக்கி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். புருஷன் கிரீஸ் கையோடு கட்டிலோரம் நின்றான். அவனை அந்த ரூமுக்குப் போ என்று அவள் சொல்லவில்லை.

இப்போது ஆலையில் கேட்டால் பல கதை கிடைக்கும். தைலம் போட்டுப் பார்த்ததால்தான் அது தட்டுத்தோள் இல்லை என்று தெரிந்தது என்பாள் தைலக்கா. தானே வண்டி ஏற்பாடு செய்து அனுப்பிவைத்ததாக சூப்பர்வைசர் சொல்லுவார். சொல்லும்போது யார் கண்ணையும் பார்க்க மாட்டார். புருஷனின் அக்காவோ, எல்லாம் நாங்கள் செய்த புண்ணியம் என்பாள்.

அன்று மூக்கி செய்தது இது. பெஞ்சிலிருந்து எழுந்தாள். யார் கையாவது ஓடுபட்டையில் சிக்கினால் மட்டும் அமுக்க வேண்டிய சிவப்புப் பொத்தானை அமுக்கி வரிசையை நிறுத்தினாள். எவன் கை மாட்டியது என்று எல்லோரும் ஓடிவருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார் வாட்ச்மேன். வாசலில் மீன் தலையும் குடலும் ஏற்றிய கழிவு லாரி மட்டும் கிளம்ப நின்றது. அதில் ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, “பிரசவ விடுதிக்கு விடுங்கண்ணே, வேகமா” என்றாள். பதினைந்து நிமிடத்தில் போய் இறங்கி, வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி உள்ளே போய், நர்ஸிடம், “ஏழு வாரம். வலப்பக்கம் நின்னு வலிக்குது. பழுப்பா பட்டிருக்கு. மூச்சிழுத்தா தோள் நுனி குத்துது” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.