பைண்டிங்குக்குப் போன வருகைப் பதிவேடு

எல்லைப் பிரச்சினை தீர்ந்து திருத்தணிப் பக்கத்துக் கிராமங்கள் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போவதென்று முடிவானபோது, எங்கள் தலைமை எழுத்தரும் அங்கேயே மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். சித்தூரில் அந்த வருவாய்த்துறை அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர் அதுவரை ஒரே மேசையில் டிபன் பாக்ஸ் திறந்தவர்கள்.

மூன்று வாரத்தில் லாரி வரும். அதற்குள் போகிற கிராமங்களின் காகிதங்களைப் பிரித்துக் கட்ட வேண்டும். ஒரு கட்டு விட்டுப்போனாலும் அந்த ஊர் விவசாயி பட்டாவுக்காக இரண்டு ராஜ்ஜியத்துக்கும் நடையாய் நடப்பான். அதை நடக்கவிடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாள் பத்தேகாலுக்கு வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். வராதவர்கள் கட்டத்தில் சிவப்பு மையால் குறி போடுவது தலைமை எழுத்தரின் வேலை.

"பைண்டிங்குக்குப் போய்க்கீது சார்" என்றார் பியூன்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவனே நான்தான். எங்கள் நால்வரில் பாகாலாவிலிருந்து பாசஞ்சரில் வரும் நண்பன் தாமதமானால், முதலில் வருகிறவன் பதிவேட்டைக் கிராம வரைபட அலமாரியின் அடித்தட்டில் ஒளித்துவிடுவான். நேராகப் போய் அதை எடுத்து வந்தேன். நண்பனின் பெயருக்கு எதிரே குறி போட்டேன்.

பதினோரு மணிக்கு வந்தவன் பார்த்தான். "நீ சொல்லிக் குடுத்ததத்தான செஞ்சிக்கினு கீறோம்?" என்றான்.

"ட்ரெயின் லேட்டுன்னா மொத பஸ்ல வா" என்றேன்.

"அலாகேனண்டி." ஆகட்டுங்க என்று, என்னிடம் ஒருநாளும் பேசாத மரியாதைத் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனான். மதியம் மூவரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். நான் தனியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். என் மகள் பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இங்கேயோ என் கையெழுத்து இருந்தது. என்னைவிட அழகாக நண்பன் போட்டிருந்தான். இன்று அவனுக்கு ஒரு நியாயம், அன்று எனக்கு ஒரு நியாயமா? வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டத்திலும் சிவப்புக் குறி போட்டு, அந்த நாளுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பதிவேட்டுக்குள்ளேயே வைத்தேன்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்குப் பதிவேடு என் மேசையில் திறந்து கிடந்தது. பக்கத்தில் நண்பன், கையில் என் விண்ணப்பம்.

"அன்னிக்கி நீ வரலன்னு எவன் கேட்டான்?" என்று கத்தினான்.

"நான்தான் கேட்டேன்."

அவன் அலமாரிக்குப் போய் முதல் காகிதக் கட்டை இறக்கினான். மதியம்வரை தூசி பறக்கப் பிரித்தோம். பிறகு அவன் டிபன் பாக்ஸ் என் மேசைக்கு வந்தது.

"என் குறிய மட்டும் எடுத்துடேன்."

"எடுக்கமாட்டேன்."

"தெரியும். துன்னு" என்று மூடியைத் திறந்தான்.